பாலையின் செல்வம்

பாலை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழுவது மணற்பரப்பே. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மணல்; அதன்மேல் வரிசையாகச் செல்லும் ஒட்டகங்கள்; எங்கோ ஓரிடத்தில் தனித்து நிற்கும் பேரீச்சமரம். இக்காட்சி அரபு நாட்டிற்கும் இராசத்தானத்துத் தார்ப் பாலைக்கும் உரியது. தமிழ்நாட்டில் அத்தகைய பெருநிலம் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு ஒன்றே தன் செம்மணல் மேடுகளால் அதனை ஓரளவு நினைவூட்டும். அவ்வாறாயின், நம் முன்னோர் பாலையை ஐந்திணைகளுள் ஒன்றாக வைத்துப் பாடியது எதனால்?

இதற்குரிய விடை நம் நூல்களிலேயே உள்ளது. தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கிற்கும் நிலம் வகுத்தார். பாலைக்கெனத் தனிநிலம் வகுத்தாரல்லர். வேனிற்காலத்தையும் நண்பகலையும் அதற்குரிய பொழுதுகளாகக் கூறினார். முல்லையும் குறிஞ்சியும் கதிரவன் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையில் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆகவே, பாலை என்பது தொலைவிலுள்ள ஒரு நாடன்று. நம் நிலமே ஆண்டுதோறும் சில திங்கள் பூணும் கோலம் அது. கோலம் மாறினும் உயிர் மாறுவதில்லை. இவ்வுண்மையை ஏட்டில் படிப்பதினும் காலால் நடந்து கண்ணால் காண்பது சிறப்பு.

அங்ஙனம் காண்பதற்கு நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. சென்னைக்குத் தெற்கே பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் என இருப்புப்பாதையை ஒட்டிச் சிறு குன்றுகளும் பாறை மேடுகளும் இடையிட்டு நிற்கின்றன. இவை பழம்பெருமை வாய்ந்தவை. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், நிலநூல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பார் பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் பழைய கற்கால மனிதன் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்திய நாட்டின் தொல்பழங்கால ஆராய்ச்சி அந்நாளில் தொடங்கியது என்பர். நாம் வறண்ட மேடு என்று கருதிக் கடந்து செல்லும் இடத்தில் மனிதன் எண்ணற்ற ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்திருக்கிறான்.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், மேடவாக்கத்தை அடுத்து நன்மங்கலம் காப்புக்காடு உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 320 எக்டேர். வண்டலூரில் 1985ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைச் சூழ்ந்தும் இத்தகைய முட்காடு உண்டு. 1937ஆம் ஆண்டு தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகத்திலும் அக்காடு பேணப்பட்டு வருகிறது.

இப்பகுதியில் மழை குறைவோ எனின், அன்று. ஆண்டிற்கு ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. உலகின் மெய்யான பாலைகளில் பெய்யும் மழை 25 சென்டிமீட்டரையும் எட்டாது. ஆயினும், நமக்குக் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசியை ஒட்டிய மூன்று திங்களிலேயே பெய்து முடிந்துவிடுகிறது. தை தொடங்கிச் சித்திரை, வைகாசி வரை வானம் பெரும்பாலும் பொய்த்தே நிற்கும். குன்றின்மேல் மண்ணோ ஒரு சாண் ஆழமும் இராது, அதன்கீழ்க் கரும்பாறை. அம்மண் நீரை நெடுநாள் தேக்கிவைக்க மாட்டாது. கத்திரி வெயில் எரிக்கும் நாட்களில் வெப்பம் 40 பாகையைக் கடக்கும்போது, பாறை உலைக்களத்துக் கல்லென நின்று காயும். அந்நாளில் இக்குன்று பாலையே, ஐயமில்லை.

மாணவர்களே! வனத்துறையின் இசைவு பெற்று, ஆசிரியர் துணையுடன், ஞாயிறு எழுமுன்னரே இக்காட்டு வழியில் நாம் நடப்பதாகக் கொள்வோம். கையில் குடிநீர் இருத்தல் வேண்டும். காலில் செருப்பு இன்றியமையாதது. இரண்டு மணி நேரத்திற்குள் திரும்பிவிடுதல் நலம்.

முதலில் நம் கண்ணிற்படுவன முள்ளும் காய்ந்த புல்லுமே. களா, காரை, சூரை, இலந்தை, இண்டு என ஒவ்வொரு புதரும் ஆடையைப் பற்றி இழுக்கும். சற்றுப் பொறுத்துப் பார்ப்போமாயின், இங்குள்ள செடிகொடிகள் யாவும் ஒரே வினாவிற்கு வெவ்வேறு விடை கண்டிருத்தல் விளங்கும். ஐந்து திங்கள் மழையின்றி உயிர் தாங்குவது எவ்வாறு என்பதே அவ்வினா.

செல்வன் விளைந்த காலத்தில் களஞ்சியத்தை நிரப்பி வைத்து, விளையாக் காலத்தில் எடுத்து உண்பது போலச் சில செடிகள் நீரைச் சேமித்து வைக்கின்றன. சதுரக்கள்ளி, பிரண்டை, கற்றாழை ஆகியவை இத்தகையன. கள்ளிக்கு இலை என ஒன்று பெரும்பாலும் இல்லை; தண்டே பசுமை பெற்று இலையின் தொழிலைச் செய்கிறது. பிற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை ஏற்கும். அவ்வாறு திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிவிடும். ஆதலின் கள்ளி, தன் நுண்துளைகளைப் பகல் முழுவதும் பெரிதும் அடைத்துவைத்து, இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. அப்போது பெற்ற கரிவளியைப் பொதிந்து வைத்து, மறுநாள் கதிரொளி வந்தபின் உணவாக்குகிறது. இரவில் கொண்டு பகலில் சமைக்கும் இச்செட்டு வேறு எவரிடம் உண்டு? கள்ளியின் பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு செய்யும். சேர்த்த பொருளைக் காக்கும் காவல் அது.

நீரைச் சேமிக்க இயலாத செடிகள் செலவைச் சுருக்குகின்றன. முட்செடிகளின் இலைகள் சிறுத்திருப்பது இதன் பொருட்டே. இலை சிறிதாயின் அதன்வழி வெளியேறும் நீரும் சிறிதாகும். எருக்கின் இலைமேல் வெண்மையான மெழுகு படிந்திருக்கும். விராலியின் இலையைத் தொட்டால் விரலில் பிசின் ஒட்டும். காயா மரத்தின் இலை தோல் போலத் தடித்துக் கோடையிலும் பசுமை மாறாது நிற்கும். திருமாலின் திருமேனிக்குப் புலவர் உவமையாகக் கூறும் நீலப்பூ இக்காயாவினுடையதே. முல்லை நிலத்திற்குரிய காயா, பாலையாகத் தோன்றும் இக்குன்றின்மேல் தழைத்து நிற்கக் காண்கிறோம். முல்லை திரிந்து பாலையாயிற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, பாலை என்னும் பெயரையே தாங்கிய மரங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று வெட்பாலை. பிற மரங்கள் வாடி நிற்கும் வேனிலில் இது வெண்மையான பூங்கொத்துகளை விரிக்கும். இதன் காய்கள் இரண்டிரண்டாக இணைந்து தொங்கும். இலையிலிருந்து நீலச்சாயம் எடுப்பர். கருநாடகத்துச் சன்னபட்டணத்தின் புகழ்பெற்ற மரப்பொம்மைகள் இதன் மென்மையான மரத்தைக் கடைந்து செய்யப்படுவன.

வேறு சில செடிகளோ முற்றும் மறைந்துவிடுகின்றன. கார்த்திகைப் பூ என்றும் செங்காந்தள் என்றும் வழங்கும் கொடியை அறிவீர்கள். அது நம் தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சி நிலத்துப் பூவாகப் புலவர் போற்றியது. சித்திரையில் அதனைத் தேடினால் ஓர் இலையும் காணக் கிடைக்காது. ஆயினும் அது மடியவில்லை. நாம் மிதித்து நடக்கும் மண்ணின்கீழ்க் கலப்பை வடிவான கிழங்காக உறங்கிக்கொண்டிருக்கிறது. மழை பெய்தவுடன் முளைத்து, இலைநுனியையே பற்றுக்கம்பியாக்கிப் புதர்மேல் ஏறி, தீக்கொழுந்தன்ன பூக்களை ஏந்தி நிற்கும். கிழங்கு கொடிய நஞ்சாதலின் அதனைத் தோண்டுதல் தகாது. குறிஞ்சியானது பாலையின் காலடியில் உறங்குகிறது என்பதே நாம் இங்கு அறியத்தக்கது.

செடிகொடிகளைக் கண்டோம், இனி உயிரினங்களைக் காண்போம். மேட்டின் வெற்றிடத்தில் ஒரு பறவை நம்மைக் கண்டதும் உரத்த குரலெழுப்பி வட்டமிடும். அது ஆட்காட்டி. வழிச்செல்வோர்க்கு ஆள்வரவு உணர்த்துவதாகச் சங்கப் புலவர் பாடிய கணந்துள் இதுவே என்று கருதுவாரும் உளர். ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை. பரற்கற்களுக்கு இடையே வெறுநிலத்தில் முட்டையிடும். முட்டையின் நிறமும் புள்ளியும் பரற்கல்லைப் போன்றே இருத்தலால் பகைவர் கண்ணிற்கு எளிதில் புலப்படா. ஆயின், சுடுகின்ற நிலத்தில் முட்டை வெந்துவிடாதோ? தாய்ப்பறவை நீர்நிலையை நாடிச் சென்று, தன் வயிற்று இறகுகளை நனைத்து வந்து, அவ்வீரத்தால் முட்டையைக் குளிர்விக்கும். பாலை வழியில் தன் நிழலைப் பிணைக்கு அளித்து நிற்கும் கலைமானைப் பாலை பாடிய பெருங்கடுங்கோ காட்டினார். சேரர் குடியில் பிறந்த அவ்வேந்தர், இத்திணையைப் பாடிய சிறப்பாலேயே அப்பெயர் பெற்றார். வெம்மை மிக்க இடத்திலேதான் அன்பு தன் முழுவடிவைக் காட்டும் என்பது அவர் கண்ட உண்மை; ஆட்காட்டியும் அதனையே நமக்குக் காட்டுகிறது.

நன்மங்கலக் காட்டின் நடுவே கல் வெட்டியெடுத்துக் கைவிடப்பட்ட பெருங்குழி ஒன்றுண்டு. அதில் மழைநீர் தேங்கியிருக்கும். அக்குழியின் செங்குத்தான பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. தலையின் இருபுறமும் கொம்பு போல நிமிர்ந்த இறகுக் கற்றையும், செம்பொன் நிறக் கண்ணும் உடையது இப்பேராந்தை. பழைய நூல்கள் பேராந்தையைக் குடிஞை எனக் கூறும். அதுவும் கூடு கட்டாது பாறைத் தட்டிலேயே முட்டையிடுகிறது. பகலில் அசைவற்றிருந்து, இருள் பரந்ததும் எலிகளை வேட்டையாடும். உழவர்க்கு இதனினும் சிறந்த நண்பர் அரியர். எனினும், ஆந்தையின் குரலைத் தீக்குறி எனக் கருதி வெறுப்பார் இன்றும் இருக்கின்றனர்.

பாறை வெடிப்பில் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருக்கும். முள்ளின் நுனியில் ஓந்தி தலையசைத்து நிற்கும். புதரின் கீழ்ச் சருகோடு சருகாகப் பக்கி உறங்கும். நாம் மிதிக்கும் அளவு நெருங்கினாலன்றி எழாது. கவுதாரி, காட்டு முயல், கீரி, நரி ஆகியவற்றின் அடிச்சுவடுகளைப் புழுதியில் காணலாம். கற்களை நாம் புரட்டலாகாது. அவற்றின் அடியில் சுருட்டை விரியன் இருத்தல் கூடும். இச்சிறு பாம்பு வளைந்து தன் செதில்களை ஒன்றோடொன்று உராய்ந்து, அரத்தால் அராவுவது போன்ற ஒலியை எழுப்பும். அவ்வொலி சினத்தின் அடையாளமன்று. விலகிச் செல் என்னும் எச்சரிக்கை.

இப்பாம்புகளை நன்கு அறிந்தவர் இருளர். செங்கற்பட்டுப் பகுதியின் முட்காடுகளில் தொன்றுதொட்டு வாழும் அம்மக்கள், தரையில் படிந்த சுவட்டைக் கொண்டே பாம்பின் வகையையும் அது சென்ற திசையையும் கூறவல்லர். 1978ஆம் ஆண்டு அவர்களுக்கெனப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைக்கப்பெற்றது. மாமல்லபுரத்திற்கு அண்மையிலுள்ள வடநெம்மேலியில் அது இயங்கி வருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கு பாம்புகளின் நஞ்சை அவர்கள் எடுத்து அளிக்கின்றனர். அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்குரிய மருந்து செய்யப்படுகிறது. கல்லூரி காணாத இவர்தம் அறிவு, நாடெங்கும் உள்ள மக்களின் உயிரைக் காக்கிறது. அவ்வறிவு பிறந்த பள்ளிக்கூடம் நாம் பயனற்றது என்று கருதும் இம்முட்காடே.

முட்காட்டில் வாழும் எளிய உயிர் ஒன்றன் துன்பத்தையும் நாம் அறிதல் வேண்டும். நட்சத்திர ஆமையின் ஓட்டில் மஞ்சள் நிறக் கோடுகள் விண்மீன் கதிர்போல விரிந்திருக்கும். காய்ந்த புல்லின் நிழலில் அக்கோலம் அதற்கு மறைவாகும். அவ்வழகே அதற்குக் கூற்றும் ஆயிற்று. வீட்டில் வளர்க்க விரும்புவோர்க்கு விற்பதற்காக அயல்நாடுகளுக்குக் கடத்தப்படும்போது இவ்வாமைகள் மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்தில் பன்முறை பிடிபட்டுள்ளன. 2019ஆம் ஆண்டு, உலக நாடுகள் கூடி இதன் வணிகத்தை முற்றும் விலக்கின. இந்நாட்டுச் சட்டமும் இதனைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் குற்றம் என்கிறது.

இதுகாறும் கண்டவற்றால், இக்குன்றுகள் வெறும் கல்லும் முள்ளும் அல்ல என்பது போதரும். இவற்றால் ஊருக்கு விளையும் நன்மை ஒன்றையும் ஈண்டுக் கூறுவோம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கி மறுநாட்காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வேனிலில் ஒரு துளிக்கு ஏங்கும் அதே நிலம், ஒரே நாளில் வெள்ளக்காடாயிற்று. இத்தகைய மழையின் வேகத்தை முதலில் தாங்குவன குன்றின் புதர்களும் புல்லுமே. அவை நீரைத் தடுத்து, மெல்ல நிலத்துள் இறக்கி, எஞ்சியதைத் தாழ்வான ஏரிகளுக்கு விடும். சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை என ஒன்றன்பின் ஒன்றாக ஏரிகள் நிறைந்து, மிகுநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. அச்சதுப்பு நிலம் 2022ஆம் ஆண்டு உலகச் சிறப்பு வாய்ந்த நீர்நிலைகளுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. குன்று மொட்டையாயின் மண் அரிக்கும், ஏரி தூரும், வெள்ளம் வீட்டினுள் புகும். மேட்டுப் பாலையும் பள்ளத்து மருதமும் ஒரே உடலின் இரண்டு உறுப்புகள்.

ஆயினும், இந்நிலத்தைத் தரிசு என்றும், புதர்க்காடு என்றும், ஒன்றுக்கும் உதவாதது என்றும் கூறும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பெயரில் என்ன இருக்கிறது என்று எண்ணற்க. தரிசு என்று பெயரிட்ட நிலத்தை வெட்டுவதற்கு எவரும் அஞ்சார். குன்றுகள் பல சல்லிக்காக உடைக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியாக உயர்ந்தது. நகர் வளர்வது குற்றமன்று. மக்களுக்கு வீடும் சாலையும் வேண்டும். ஆனால், எஞ்சிய முட்காட்டையும் குப்பை கொட்டும் இடமாக்குதல் அறிவுடைமையன்று. நல்லெண்ணத்தோடு அயல்நாட்டு மரங்களைக் கொண்டுவந்து இங்கு நடுவாரும் உண்டு. வெற்றிடமின்றி ஆட்காட்டி எங்ஙனம் முட்டையிடும்? புல்வெளியின்றிப் புல்வாய் மான் எங்கு மேயும்? முறுக்குண்ட கொம்புடைய அம்மானை, 1978ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பெற்ற கிண்டிக் காட்டில் இன்றும் காணலாம். எல்லா நிலத்தையும் மரத்தால் மூடுவது பசுமையாகாது. அந்தந்த நிலத்தை அதனதன் இயல்பில் வாழவிடுவதே பசுமை.

மெய்யான பாலைநிலத்து மக்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். இராசத்தானத்தில் யோதபுரியை அடுத்துக் கேசர்லி என்றொரு சிற்றூர் உண்டு. 1730ஆம் ஆண்டு, அரண்மனைப் பணிக்கு வேண்டிய விறகிற்காக அவ்வூர் மரங்களை வெட்ட அரசன் ஏவலர் வந்தனர். அவர்கள் வெட்ட முனைந்தது வன்னி மரம். நம் விருத்தாசலத் திருக்கோயிலில் தலமரமாக விளங்குவதும் இவ்வன்னியே. பிட்சுணோயி என்னும் வகுப்பைச் சேர்ந்த அமிருதா தேவி என்ற பெண்மணி, மரத்தைத் தழுவி நின்று தடுத்தார், வெட்டுண்டு மாய்ந்தார். அவர் மகளிரும் ஊராரும் ஒருவர்பின் ஒருவராக அவ்வாறே நின்றனர். 363 பேர் உயிர் நீத்தனர் என்பது வரலாறு. அவர்கள் தழுவியது கனி நல்கும் மாமரமன்று, முள்மரம். அம்முள்மரம் இல்லையேல் ஆட்டிற்குத் தழை இல்லை, மானிற்கு நிழல் இல்லை, மனிதனுக்கும் வாழ்வில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நம்மிடம் அத்தகைய உயிர்க்கொடையை எவரும் கேட்கவில்லை. நாம் செய்யவேண்டுவது எளியது. முதலாவது, நம் ஊர்ப் புதர்களின் பெயரைக் கற்றல். பெயர் அறிந்த பொருளை இகழ்தல் அரிது. அடுத்தது, அவற்றின் இருப்பிடத்தை மாசுபடுத்தாதிருத்தல். காட்டிற்குச் சென்றால் கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொணர்தலும், உயிரினங்களைப் பிடியாதிருத்தலும், வேனிற் சருகில் தீப்பொறி விழாது காத்தலும் நம் கடமைகள்.

முதல் மழை பெய்த மறுநாட்காலை இக்குன்றின் வழியே மீண்டும் சென்று பாருங்கள். ஈர மண்ணின்மேல் செந்நிறப் பட்டுத் துணுக்குகள் ஊர்ந்து செல்லும். அவை தம்பலப்பூச்சிகள், மூதாய் எனச் சங்கப் புலவர் முல்லை நிலத்திற் காட்டியவை. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுள் மறைந்து கழித்து, மழையின் அழைப்பைக் கேட்டு வெளிவருவன. சில நாளில் பாறையெங்கும் பசும்புல் அரும்பும். காந்தள் முளை மண்ணைப் பிளக்கும். வேனிலில் இந்நிலத்தைக் கண்டு தரிசு என்றுரைத்தவன், உறங்குபவனைக் கண்டு இறந்தான் என்றுரைத்தவனுக்கு ஒப்பாவான். பாலை இறந்த நிலமன்று, காத்திருக்கும் நிலம். அது கண்விழிக்கும்போது அவ்விடத்தில் அது இருக்குமாறு பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.